“கஸ்ரைற்றிஸ்” என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வருத்தங்கள்?

2024 ஜனவரி 16, இரவு 9.40. இணைய இழையொன்றில் கொட்டாஞ்சேனை வாசகரின் கேள்வி

எனக்கு நான்கு வருடமாகக் கஸ்ரைற்றிஸ். அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்பிரசோல் குளிசை தினமும் எடுக்கிறேன், எரிவு நிற்கவில்லை. நேற்றுப் பொங்கல் சாப்பிட்ட பிறகு இரவு முழுவதும் நெஞ்சுக்குள் தீ. குளிசையை விட்டுவிட்டுப் படுக்கும்போது ஒரு தம்ளர் பால் குடித்தால் போதும் என்று அம்மா சொல்கிறார். குளிசையைத் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகம் பழுதாகும் என்று வேலையிடத்தில் சொல்கிறார்கள். பால் போதும் என்பதே என் கருத்தும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 16, இரவு 11.15. வெள்ளவத்தையிலிருந்து

மறுப்பு உண்டு, தம்பி. பால் குடித்த முதல் அரை மணி நேரம் எரிவு தணிவது உண்மைதான், ஏனெனில் பால் இரைப்பையின் அமிலத்தைச் சற்று நேரம் மட்டுப்படுத்துகிறது. ஆனால் அதே பாலிலுள்ள புரதமும் கல்சியமும் மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன, கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, ஆகவே பதினொரு மணிக்கு அடங்கிய எரிவு இரண்டு மணிக்கு மறுபடி எழும்பும். உங்கள் அம்மா சொல்வது ஒரு காலத்தில் வைத்தியர்களே சொன்னதுதான். சிக்காகோவில் பேர்ட்ரம் சிப்பி என்ற வைத்தியர் 1915 இல் மணிக்கொரு தடவை பாலும் கிறீமும் கொடுக்கும் முறையை வகுத்தார், பல பத்தாண்டுகள் இரைப்பைப் புண்ணுக்கு அதையே கொடுத்தார்கள், பின்பு கைவிட்டார்கள்.

“கஸ்ரைற்றிஸ்” என்ற சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். அது இரைப்பையின் உட்சுவர் அழற்சிக்கு உரிய பெயர். கொழும்பில் நாங்கள் நெஞ்செரிவையும், புளியேப்பத்தையும், மேல்வயிற்று நோவையும், சாப்பாடு சிக்குவதையும் அந்த ஒரே சொல்லால் அழைக்கிறோம். நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் பார்த்தால் உங்களுடையது அமிலம் மேலேறும் வருத்தம் போலத் தெரிகிறது. எரிவு எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, குனிந்தால் கூடுகிறதா என்று ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதிப் பாருங்கள்.

ஜனவரி 17, அதிகாலை 5.50

இரவு எழுதியபோது முக்கியமானதைக் கேட்க மறந்துவிட்டேன். குளிசையை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

நான் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். காலையில் லொறிக் கணக்கை முடித்து, ஒன்பதரை மணிக்கு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, அதன் பிறகு பிளேன்டீயோடு ஓமெப்பிரசோலை விழுங்கி வந்தேன். ஏழு மாதம் அப்படியே சென்றது. குளிசை எனக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். பிறகு ஒரு வைத்தியர் நேரத்தைக் கேட்டு, காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்.

கப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகள் ஒவ்வொன்றுக்கும் அமிலத்தில் கரையாத உறை இருக்கிறது. அவை சிறுகுடலில் கரைந்து, மருந்து குருதியில் கலந்து, அங்கிருந்து இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் கலங்களுக்கு வந்து சேர்கிறது. அந்தக் கலங்களிலுள்ள அமிலப் பம்பிகளில், வேலை செய்துகொண்டிருப்பவற்றை மட்டுமே அது பூட்டும். பம்பிகளை வேலைக்கு எழுப்புவது சாப்பாடு. மருந்து குருதியில் தங்குவதோ குறுகிய நேரம், சுமார் ஒரு மணித்தியாலத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஆகவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கினால் பம்பிகள் எழும்பும் நேரத்தில் மருந்தும் அங்கே நிற்கும். பிந்தி விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும்.

என் தாயார் கப்சூலை விழுங்க முடியாமல் அதைத் திறந்து, உள்ளே இருந்த மணிகளைக் கரண்டியால் நசுக்கித் தேனில் குழைத்து எடுத்துவந்தார். நசுக்கினால் உறை உடைந்து மருந்து இரைப்பை அமிலத்திலேயே அழிந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் ஒரு வருடம் எரிவோடு இருந்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

ஜனவரி 21, மாலை 4.20

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து வந்ததாகத் தம்பி எழுதியிருக்கிறார். நான்கு வருடப் புதிருக்கு ஒரு பாதி விடை அதுவாக இருக்கலாம். நேரத்தை மாற்றிய மறுநாளே பலனை எதிர்பார்க்க வேண்டாம். புதிய பம்பிகள் நாளுக்கு நாள் உருவாகிக்கொண்டே இருப்பதால் மருந்தின் முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாட்கள் ஆகும்.

மற்றப் பாதி இரவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் களம் என்று படித்த உணவுக்குழாய், வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமானது. அது பிரிமென்றகட்டிலுள்ள துவாரத்தின் ஊடாக இறங்கி இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து மற்ற நேரங்களில் இறுகியிருக்க வேண்டிய அந்த வளையம், இரைப்பை உப்பும்போது காற்றை வெளியேற்றுவதற்காகத் தானாகவே சில விநாடிகள் தளரும். ஏப்பம் அப்படித்தான் வருகிறது. தளர்வு எல்லாருக்கும் உண்டு, எங்களைப் போன்றவர்களுக்கு அதனோடு அமிலமும் ஏறுகிறது. சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதியே அந்தத் துவாரத்தின் ஊடாக நெஞ்சுப் பக்கம் நழுவியிருக்கும், அவர்களுக்கு வளையத்தின் பிடி இன்னும் குறைவு. நிற்கும்போது ஏறிய அமிலத்தைப் புவியீர்ப்பும் உமிழ்நீரும் திரும்ப இறக்கிவிடும். படுத்திருக்கும்போது புவியீர்ப்பின் உதவி இல்லை, உறக்கத்தில் நாங்கள் உமிழ்நீரை விழுங்குவதும் குறைவு.

கடை மூடி, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது எட்டரை ஆகிவிடும். வழியில் கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பேன். யப்பானில் 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பிட்டு 3 மணித்தியாலத்துக்குள் படுப்பவர்களுக்கு இந்த வருத்தம் இருப்பதற்கான வாய்ப்பு, 4 மணித்தியாலமோ அதற்கு மேலோ பொறுத்துப் படுப்பவர்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. இதை வாசித்த பிறகு நான் சாப்பாட்டு ஒழுங்கையே புரட்டிவிட்டேன். மாலை ஆறரைக்குக் கடையிலேயே வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுகிறேன், வீட்டுக்கு வந்து ஒரு வாழைப்பழத்தோடு சரி. முதலாளியிடம் அந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கத்தான் எனக்குத் துணிவு வேண்டியிருந்தது.

ஜனவரி 21, மாலை 6.05

வலது பக்கம் சரிந்து படுப்பதை விட்டுவிட்டேன். இரைப்பை இடது பக்கத்தில் இருப்பதால், இடது பக்கம் படுத்தால் அமிலம் தேங்கும் இடம் தாழ்ந்து, உணவுக்குழாய் சேரும் வாய் மேலே நிற்கிறது. வலது பக்கம் படுத்தால் அந்த வாய் அமிலத்துக்குள் மூழ்குகிறது.

ஜனவரி 24, இரவு 10.30

தலையணை இரண்டு மூன்று வைத்தால் போதாதா என்று தெஹிவளை அக்கா கேட்கிறார். போதாது, அக்கா. தலையணைகள் கழுத்தையும் தலையையும் மட்டும் மடக்கி உயர்த்துகின்றன, வயிறு மடிந்து உள்ளே அழுத்தம் கூடுகிறது. உடம்பின் மேற்பாதி முழுவதும் சரிவில் இருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களை 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை உயர்த்துவதே முறை.

நான் முதலில் செங்கல் வைத்தேன். எங்கள் மாடிவீட்டுத் தரை வழவழப்பான மாபிள், மூன்றாம் நாள் இரவு ஒரு கால் வழுக்கிக் கட்டில் சடாரென்று இறங்கியது, மனைவி நடுங்கிப் போனார். பிறகு தச்சரிடம் பலாமரக் கட்டை இரண்டு வாங்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டில் காலின் அளவுக்கு இரண்டு விரற்கடை ஆழத்தில் குழி தோண்டச் செய்து, அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினேன். அன்றிலிருந்து அசையவில்லை. முதற் கிழமை இருவரும் விடியும்போது கால்மாட்டில் கிடந்தோம். வழுக்கும் விரிப்பை மாற்றி, முரட்டுப் பருத்தி விரிப்பு போட்டதும் அது சரியானது.

பெப்ரவரி 4, காலை 10.10

விடுமுறை நாளில் இதை எழுதுவதற்குக் காரணம், நேற்றிரவு இழையில் ஒருவர் இட்ட குறிப்பு. நெஞ்சு இறுகும்போதெல்லாம் அது வாயு என்று இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துச் சமாளிப்பதாக எழுதியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள்.

எங்கள் கடையின் களஞ்சியப் பொறுப்பாளர் நீரிழிவுக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர், நெஞ்சு எரிகிறது, கஸ்ரைற்றிஸ் என்று சொல்லி வெங்காய மூட்டையின் மேல் அமர்ந்துவிட்டார். நாங்களும் இஞ்சி தட்டிக் கொடுத்தோம். பிறகு அமிலத்தைத் தணிக்கும் உப்புத்தூள் ஒரு பக்கற் கரைத்துக் கொடுத்தோம், ஏப்பம் வந்தது, குறைந்துவிட்டது என்றார். அந்தக் குறைவை நம்பி இரண்டு மணித்தியாலத்தை இழந்தோம். அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டி நனைந்திருந்ததையும், இடது கையால் தாடையை அழுத்திக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை. ஈசீஜீ எடுத்தபோது மாரடைப்பு. உயிர் தப்பினார்.

உப்புத்தூளுக்கோ அமிலக் குளிசைக்கோ நோவு குறைந்தது என்பதை வைத்து இதயம் நலம் என்று சொல்ல முடியாது. நடக்கும்போதும் படியேறும்போதும் வந்து நின்றால் அடங்கும் இறுக்கம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது, கட்டணம் இல்லை. முச்சக்கர வண்டி தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பெப்ரவரி 4, பிற்பகல் 1.30

களஞ்சியப் பொறுப்பாளரோடு தொடர்புடைய இன்னொரு விடயம். அடைப்பை நீக்கிய பிறகு அவருக்குக் குருதி கட்டியாகாமல் தடுக்கும் குளோப்பிடோகிரெல் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்கு அருகிலுள்ள பாமசியில் வழக்கம்போல ஓமெப்பிரசோலையும் தாமாகவே வாங்கி விழுங்கினார், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. குளோப்பிடோகிரெலை உடம்பு செயற்படும் வடிவுக்கு மாற்ற உதவும் அதே நொதியத்தை ஓமெப்பிரசோல் தடுக்கிறது, இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009 இல் எச்சரித்திருக்கிறது. இதயக் கிளினிக்கில் சொன்னதும் அதே வகையைச் சேர்ந்த பன்ரொப்பிரசோலுக்கு மாற்றினார்கள். எடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பெப்ரவரி 11, இரவு 8.45

மட்டக்குளியிலிருந்து எழுதும் சகோதரி தன் மாமியாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஐந்து வருடமாகக் கஸ்ரைற்றிஸ் என்று மருந்து கொடுக்கிறார்கள், குணமில்லை, சோறு நெஞ்சில் நிற்கிறது, சில நாட்களாகத் தண்ணீரும் நிற்கிறது, இரவில் படுத்தால் சாப்பிட்ட சோறு அப்படியே வாய்க்கு வருகிறது, மெலிந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார்: வாய்க்கு வரும் சோறு புளிப்பதில்லை.

சகோதரி, நான் வைத்தியர் அல்லன், ஆனால் அந்தக் கடைசி வரிக்காகவே உடனே எழுதுகிறேன். இரைப்பைக்குள் போய்த் திரும்பும் உணவு புளிக்கும். புளிக்காமல் வருவது இரைப்பைக்குப் போய்ச் சேராத உணவாக இருக்கலாம். உணவுக்குழாயின் கீழ் வளையம் தளராமலேயே இறுகி நிற்கும் அக்கலேசியா என்ற வருத்தம் ஒன்று உண்டு. எங்களுக்கு வளையம் தேவையில்லாமல் திறக்கிறது, அவர்களுக்குத் தேவையான நேரத்திலும் திறப்பதில்லை. அங்கே தேங்கும் உணவு புளித்து எரிவையும் உண்டாக்குவதால், பல பேரை வருடக்கணக்கில் அமில வருத்தம் என்றே நினைத்து நடத்துகிறார்கள். கட்டியொன்று வழியை அடைத்தாலும் சாப்பாடு சிக்கும், அப்போது பெரும்பாலும் திண்ம உணவு முதலில் சிக்கி, பிறகுதான் நீர் சிக்கும். இரண்டில் எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. இந்தக் கிழமையே வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிச் சென்று, “கஸ்ரைற்றிஸ்” என்ற சொல்லைச் சொல்லாமல், “விழுங்க முடியவில்லை, நிறை குறைந்துவிட்டது” என்று சொல்லுங்கள்.

பெப்ரவரி 12, அதிகாலை 5.40

அதே வரிசையில் மற்ற எச்சரிக்கைகளையும் எழுத வேண்டும்: தார் போன்ற கறுப்பு மலம், குருதி வாந்தி, காரணமில்லாத குருதிச்சோகை, நிற்காத வாந்தி, அறுபதை அண்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் எரிவு. இரும்புச் சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

பெப்ரவரி 18, மாலை 5.00

என்னென்ன சாப்பிடக் கூடாது என்று பலர் பட்டியல் கேட்டதால் சென்ற கிழமை ஒன்றை இட்டேன். கோப்பி, தேநீர், மிளகாய், தக்காளி, தோடம்பழம், சொக்கலேற், புதினா, பொரியல், தேங்காய்ப்பால் என்று நீண்டது. இன்று அதை நீக்கிவிட்டேன். அதைப் பார்த்து ஒரு பெண் இரண்டு வேளையும் பாணும் பருப்பும் மட்டும் சாப்பிடுவதாக எழுதியது என்னைச் சுட்டது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் தடை செய்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை. கொழுப்பும் சொக்கலேற்றும் புதினாவும் மதுவும் வளையத்தைத் தளர்த்தக்கூடியவை. மிளகாய் அமிலத்தைக் கூட்டாவிட்டாலும் புண்பட்ட குழாயை நேரே எரிக்கிறது. அவரவர் கொப்பியில் அவரவருக்கு எது என்று கண்டுபிடிப்பதே வழி. எனக்குக் கட்டாச் சம்பல் ஆகாது, மதியம் குடிக்கும் பிளேன்டீ ஒன்றும் செய்வதில்லை. பால் சொதியை மதியம் ஊற்றினால் பிழையில்லை, இரவில் ஊற்றினால் எரிகிறது.

வெற்றிலையைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனம் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டால் செரிக்கும் என்று என் தகப்பனார் கடைசிவரை சொன்னார். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் அறிவித்துவிட்டது.

நிறையையும் சொல்லத்தான் வேண்டும். நான் 81 கிலோவிலிருந்து 74 க்கு இறங்கினேன். இடுப்புப் பட்டியில் இரண்டு துளை உள்ளே போனபோது எரிவும் சேர்ந்து குறைந்தது.

பெப்ரவரி 25, இரவு 9.20

கமராக் குழாயை வாய் வழியாக இறக்கிப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்குப் பயந்து ஒரு வருடமாகத் திகதியைத் தள்ளிப்போடும் தம்பிக்காக இது. முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. தொண்டையில் விறைக்கும் மருந்தை விசிறுவார்கள், வேப்பங்காய் போலக் கசக்கும், பிறகு நாக்கு வேறொருவருடையது போலத் தடித்துவிடும். இடது பக்கம் சரித்துப் படுக்கவைத்துப் பற்களுக்கிடையில் ஒரு வளையத்தை வைப்பார்கள். குழாய் இறங்கும்போது குமட்டியது, கண்ணீர் வழிந்தது. என் தோளைப் பிடித்திருந்த தாதி, மூச்சை மூக்கால் இழுங்கள் ஐயா, எச்சிலை விழுங்க வேண்டாம், வழிய விடுங்கள் என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. விறைப்புப் போகும்வரை தண்ணீரும் குடிக்கக் கூடாது.

அறிக்கையில் “எல்.ஏ. தரம் பி” என்று இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் வகைப்பாட்டில் தரம் ஏ என்பது 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத கீறல், பி அதைவிட நீண்டது, சீ யில் கீறல்கள் மடிப்புக்கு மடிப்பு தொடுத்து நிற்கும், டீ யில் குழாய்ச் சுற்றளவின் முக்காற் பங்கையோ அதற்கு மேலோ பிடிக்கும். ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தாலும் வருத்தம் இல்லை என்று ஆகாது, நெஞ்செரிவுக்காரர்களில் பெரும்பாலானோருக்குக் கீறல் தெரிவதில்லை. அப்படியானவர்களுக்கு மூக்கு வழியாக மெல்லிய கம்பியை இறக்கி 24 மணித்தியாலம் அமிலத்தை அளக்கலாம். நிபுணர்கள் கூடி எடுத்து 2018 இல் வெளியான லியோன் இணக்கத்தின்படி, உணவுக்குழாயில் அமிலம் நின்ற நேரம் நாளில் 4 சதவீதத்துக்குக் குறைவென்றால் இயல்பு, 6 சதவீதத்துக்கு மேலென்றால் வருத்தம்.

அளவு இயல்பாக இருந்தும் எரிபவர்களும் உண்டு. அவர்களுடைய உணவுக்குழாயின் நரம்புகள் மிகையாக உணர்கின்றன. என் மைத்துனருக்கு இதைச் சொல்லி, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அமிற்றிப்ரிலினைக் குறைந்த அளவில் எழுதியபோது, தன்னை மனநோயாளி என்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய எரிவு பொய் அல்ல. அந்த மருந்து நரம்பின் கூச்சத்தைத் தணிப்பதற்கு. இதை அவருக்கு விளங்கவைக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

பெப்ரவரி 26, காலை 6.00

கிருமிதான் காரணம், அதற்கு மருந்து எடுத்தால் போதும் என்பவருக்கு: எலிக்கோபக்ரர் பைலோரி இரைப்பைப் புண்ணுக்கும் உண்மையான கஸ்ரைற்றிஸுக்கும் காரணம். அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் 1984 இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்துக் காட்டினார், அவருக்கும் றொபின் வொரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. அமிலம் மேலேறுவதற்குக் காரணம் அந்தக் கிருமி அல்ல. பரிசோதிப்பதானால் ஓமெப்பிரசோல் வகையை 2 கிழமை முன்பும், நுண்ணுயிர்க்கொல்லிகளை 4 கிழமை முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

மார்ச் 14, இரவு 11.00

நோன்பு தொடங்கியிருக்கிறது. எங்கள் கடையில் பில் போடும் தம்பிக்கு மாலையில் எரிவு. அவரோடு பேசியதில் எனக்கு விளங்கியது, பட்டினியைவிட நோன்பு திறந்தவுடன் சேர்ந்து உள்ளே போகும் கஞ்சியும் சமோசாவும் ரோல்சும், சஹர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுப்பதும்தான் அவரை வருத்துகின்றன. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சியோடு நிறுத்தி மஃரிப் தொழுதுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுமாறும், சஹருக்கு அரை மணி முன்பே எழுந்து குளிசையை எடுக்குமாறும் அவருடைய வைத்தியர் சொல்லியிருக்கிறார். சுபஹுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில்தான் கண்ணயர்கிறார். நானும் கந்தசஷ்டி விரதம் முடித்துப் பாறணையில் ஒரே மூச்சாகச் சாப்பிட்டு அவதிப்பட்டவன் என்பதால் அவருடைய நிலை எனக்குத் தெரியும்.

மார்ச் 31, பிற்பகல் 3.15

கொட்டாஞ்சேனைத் தம்பி குளிசையை நிறுத்திவிட்டாராம், ஐந்தாம் நாள் முன்பைவிட மோசமாக எரிகிறதாம், இனி வாழ்நாள் முழுவதும் இதுதான் என்று மனம் உடைந்து எழுதியிருக்கிறார். தம்பி, எனக்கும் அப்படியே நடந்தது, நானும் அதே முடிவுக்கு வந்தேன், அது பிழையான முடிவு. அமிலத்தை அடக்கி வைத்திருக்கும் காலத்தில் அமிலத்தைத் தூண்டும் காஸ்ற்றின் என்ற சுரப்பு உடம்பில் கூடிவிடுகிறது. திடீரென்று விட்டால் இரைப்பை சில கிழமைகளுக்கு வழக்கத்தைவிட அதிகம் சுரக்கும். டென்மார்க்கில் இந்த வருத்தமே இல்லாத 120 பேரைக் கொண்டு நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுக் கிழமை அதே வகையைச் சேர்ந்த எசோமெப்பிரசோல் எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்கு எரிவு போன்ற அறிகுறிகள் வந்தன, வெறுங்குளிசை எடுத்தவர்களில் அது 15 சதவீதம். ஆகவே ஐந்தாம் நாள் எரிந்ததை மட்டும் வைத்து உங்கள் பழைய வருத்தம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது.

நான் இரண்டாந்தடவை வைத்தியரின் சொற்படி 40 மில்லிகிராமிலிருந்து 20 க்கு இறங்கி, ஒரு மாதம் நின்று, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தேன். இடைநாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும்போதும் காவிஸ்கோன் குடித்தேன். அதிலுள்ள அல்ஜினேற் கடற்பாசியிலிருந்து எடுப்பது, இரைப்பையில் இருப்பவற்றின் மேல் ஒரு நுரைப்படலமாக மிதந்து இரைப்பையின் வாயை மூடி நிற்கிறது. அது மட்டும் சாப்பாட்டுக்குப் பின்.

சிறுநீரகப் பயத்துக்கும் விடை எழுதாமல் இருந்துவிட்டேன். 2019 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 17,598 பேரில் ஒரு பாதிக்குப் பன்ரொப்பிரசோலும் மறு பாதிக்கு வெறுங்குளிசையும் கொடுத்து ஏறத்தாழ 3 வருடம் பார்த்தார்கள். குடற்தொற்று மட்டும் சிறிதளவு கூடியிருந்தது, 1.0 சதவீதத்துக்கு எதிராக 1.4 சதவீதம். சிறுநீரக வருத்தத்திலும் எலும்பு முறிவிலும் தெளிவான வேறுபாடு இல்லை. அரிதாகச் சிலருக்குச் சிறுநீரக அழற்சி வருவதும், நெடுங்காலம் எடுத்தால் மக்னீசியமும் பீ 12 உம் குறையக்கூடும் என்பதும் உண்மை, அதற்குக் குருதிப் பரிசோதனை இருக்கிறது. தரம் சீ, டீ உள்ளவர்களும், குழாயின் உட்சுவர் மாறிப்போன பரெற் நிலை உள்ளவர்களும் இந்தப் பந்தியை வாசித்துவிட்டுக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

ஏப்ரல் 21, காலை 9.30

நான் எழுதியதில் ஒரு திருத்தம். ஓமெப்பிரசோல் எரிவை நிறுத்தும் என்று எழுதும்போது, ஏறுவதையே அது நிறுத்திவிடும் என்ற எண்ணம் வாசகர்களுக்கு வந்திருக்கிறது. வளையத்தை அது தொடுவதேயில்லை. மேலே ஏறும் நீரின் புளிப்பைக் குறைக்கிறது, நீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். குனிந்தால் வாய்க்கு வரும் தொல்லை குளிசையால் தீராததற்குக் காரணம் இதுதான். சாப்பாட்டு நேரமும், கட்டில் உயரமும், சிலருக்குச் சத்திரசிகிச்சையுமே அதற்கு வழி.

டொம்பெரிடோனையும் ஓமெப்பிரசோலோடு வருடக்கணக்கில் சேர்த்து எடுப்பவர்கள் அதை வைத்தியரோடு பேசிப் பாருங்கள். இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது என்பதால், குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு கிழமைக்கு மேற்படாமல் கொடுக்கும்படி ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2014 இல் கட்டுப்படுத்தியது.

ஏப்ரல் 21, காலை 9.55

என் மருமகன் கொலன்னாவையில் வெள்ளம் வடிந்த வீடுகளைக் கழுவப் போனபோது எலிக்காய்ச்சல் வராமலிருக்க டொக்சிசைக்கிளின் கொடுத்தார்கள். கொடுத்தது சரியே. அவர் களைப்பில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்துவிட்டார். விடியும்போது எச்சிலை விழுங்கவே முடியாத நோவு. கப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கியிருந்தது. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு, நின்றோ நிமிர்ந்து அமர்ந்தோ விழுங்கி, அரை மணியாவது படுக்காமல் இருங்கள். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேற் எடுக்கும் அம்மாமாருக்கும் இதுவே விதி.

ஜூன் 9, இரவு 8.10

மட்டக்குளிச் சகோதரி இன்று எழுதியிருக்கிறார். பேரியம் குடிக்கவைத்து எடுத்த படத்தில் உணவுக்குழாய் பையைப் போல விரிந்து, அடியில் குருவியின் சொண்டு மாதிரிக் கூராக முடிந்திருக்கிறது. அழுத்தம் அளந்து அக்கலேசியா என்று உறுதி செய்துவிட்டார்கள். 1674 இல் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர், இந்த வருத்தம் என்று இன்று கருதப்படும் ஒரு நோயாளிக்குத் திமிங்கில எலும்புத் தண்டின் நுனியில் பஞ்சைக் கட்டி உணவைத் தள்ளிவிடச் செய்தார். 1913 இல் ஏர்ன்ஸ்ற் ஹெலர் வளையத் தசையை வெட்டித் தளர்த்தும் சத்திரசிகிச்சையைச் செய்தார். 2008 இல் யப்பானில் அதையே வாய் வழியாகக் கமராக் குழாயால் செய்தார்கள். அவருடைய மாமியாருக்குக் காற்றுப் பையை உள்ளே ஊதி வளையத்தை விரித்திருக்கிறார்கள்.

விரித்த மூன்றாம் நாள் அவர் கேட்டது புட்டும் வாழைப்பழமும். முதல் வாயை நெடுநேரம் மென்று, விழுங்கி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். பிறகு இரண்டாவது வாயை எடுத்தாராம். எப்போது படுக்கவிடலாம் என்று சகோதரி கேட்கிறார். வளையம் தளர்ந்துவிட்டதால் இனி அவருக்கும் அமிலம் ஏறக்கூடும், சகோதரி. குளிசை வேண்டுமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கவையுங்கள். கட்டில் கட்டைக்கு அளவு வேண்டுமென்றால், கட்டில் காலின் தடிப்பை அளந்து எழுதுங்கள், எங்கள் தச்சரிடம் சொல்லி இரண்டு செய்து அனுப்புகிறேன்.